ஜூரியின் காதில் விழுந்த சொல்

1952 ஆகஸ்ட் 28 இரவு எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி எங்கள் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனையும் கடந்து செங்கல்பட்டுப் பக்கம் போனது. அந்த வண்டியில் இருக்கைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியும் போயிற்று. மறுநாள் மானாமதுரையில் நாற்றம் பொறுக்காமல் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே தலையில்லாத ஆண் உடல் கிடந்தது. இறந்தவர் சென்னையில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் என்று பிறகு தெரியவந்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது.

கொலை நடந்தது ராயபுரத்தில். ஆகவே 1953இல் அந்த வழக்கை நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யரும் ஒன்பது ஜூரிகளும் சென்னை உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸில் விசாரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட பிரபாகர மேனனும் தேவகியும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. ஒருவருக்கு ஏழு ஆண்டு, மற்றவருக்கு மூன்று ஆண்டு சிறை. அதே கொலை கூடுவாஞ்சேரியில் நடந்திருந்தால் வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிருக்கும். அங்கே கொலை வழக்குக்கு ஜூரி கிடையாது, அசெசர்கள்தான். அவர்களிடம் நீதிபதி கருத்துக் கேட்பார். ஏற்பதும் தள்ளுவதும் அவர் விருப்பம். தீர்ப்பும் அதற்கான காரணமும் அவருடையவை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் சென்னை நகரத்தின் எல்லையில் ஒரு கோடு கிழித்து, அந்தப் பக்கம் ஒரு விசாரணை, இந்தப் பக்கம் ஒரு விசாரணை என்று வைத்திருந்தது.

அப்பீலிலும் அந்தக் கோடு குறுக்கே நின்றது. செங்கல்பட்டில் தண்டனை பெற்றவர் சாட்சியம், சட்டம் இரண்டையும் எடுத்துக்கொண்டு உயர்நீதிமன்றம் போகலாம். தூக்குத் தண்டனை என்றால் அவர் போகாவிட்டாலும் வழக்குக் கட்டு தானாகப் போகும். உயர்நீதிமன்றம் உறுதி செய்யாமல் தூக்கில் போட முடியாது. உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸிலேயே ஜூரியால் தண்டிக்கப்பட்டவருக்கு 1943 வரை அப்பீல் என்பதே இல்லை. சட்டக் கேள்வி ஒன்றை மேல் பெஞ்சுக்கு விடுவதாக விசாரித்த நீதிபதியே மனமுவந்து சொல்ல வேண்டும். அல்லது அவர் ஜூரிக்குச் சொன்னதில் பிழை இருக்கிறது என்று அட்வகேட் ஜெனரல் சான்று தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கதவு சாத்தியதுதான். 1943இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகே அந்தக் கதவு திறந்தது. சட்டக் கேள்வி என்றால் உரிமையாக அப்பீல் செய்யலாம். சாட்சியத்தைப் பற்றிய கேள்வி என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யலாம்.

ஜூரி விசாரணையில் அப்பீல் ஏன் இவ்வளவு குறுகிய சந்தாக இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீதிபதி தீர்ப்பு எழுதினால் எந்தச் சாட்சியை நம்பினார், எதைத் தள்ளினார், ஏன் என்பதெல்லாம் தாளில் இருக்கும். அப்பீல் வக்கீல் வரி வரியாகப் பிடிக்கலாம். ஜூரி தனி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். திரும்பி வந்து ஜூரித் தலைவர் 'குற்றவாளி' அல்லது 'குற்றவாளி அல்ல' என்பார். காரணம் சொல்ல மாட்டார், கேட்கவும் கூடாது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் உள்ளே போவதற்கு முன் காதில் கடைசியாக விழுந்த பேச்சு மட்டும் தெரியும். அதுதான் நீதிபதியின் தொகுப்புரை. கோர்ட் பேச்சில் சார்ஜ். சாட்சியம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன கேட்கிறது, நிரூபிக்கும் சுமை யார் தலையில், சந்தேகம் வந்தால் பலன் யாருக்கு என்று எல்லாவற்றையும் நீதிபதி அதில் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தின் 297, 298 பிரிவுகள் கேட்டது இதைத்தான். சாட்சியம் பற்றித் தம் அபிப்பிராயத்தையும் அவர் சொல்லலாம். ஆனால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூரியின் தீர்ப்பை உடைக்க வந்த வக்கீலுக்குக் கைக்கு எட்டியது இந்தச் சார்ஜ் ஒன்றே. 'தவறான வழிகாட்டல்' என்ற சொல் குற்றவியல் அப்பீலில் இவ்வளவு பெரிதானது இதனால்தான். பன்னிரண்டு பேரோ ஒன்பது பேரோ தப்பாக யோசித்தார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர்களிடம் தப்பாகச் சொல்லப்பட்டது என்று நிரூபிக்கலாம்.

இந்தச் சிக்கல் சென்னைக்கு மிகப் பழையது. புனித ஜார்ஜ் கோட்டையில் 1665இல் நடந்த முதல் ஜூரி விசாரணையே இதில்தான் இடறியது. தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற பெண்மணி மீது வழக்கு. விசாரித்தவர் கவர்னர் ஃபாக்ஸ்கிராஃப்ட். அவர் சட்டம் படித்தவர் அல்லர். கொலைக் குற்றம் உண்டு, ஆனால் குற்றச்சாட்டில் சொல்லியிருக்கும் விதத்தில் அல்ல என்று ஜூரி ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொல்லிவிட்டு, வழிகாட்டும்படி கோர்ட்டையே கேட்டது. தெளிவான தீர்ப்போடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த ஜூரி 'குற்றவாளி அல்ல' என்றது. செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அந்த ஜூரியை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை.

இனி நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. தெரிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வழக்கு என்றும் சொல்லலாம்.

சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளில் நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை எழுதிப் பணமும் பகையும் சம்பாதித்தவர். 1944 நவம்பர் 8 காலை வேப்பேரியில் தமக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பினார். ஜெனரல் காலின்ஸ் சாலையில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்ட பிறகும் அவரால் நடக்கவும் பேசவும் முடிந்தது. வேப்பேரி போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் இறந்தார். அந்த டிசம்பரில் சினிமா உலகைச் சேர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோயம்புத்தூர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அது அடுத்த தீபாவளியையும் அதற்கடுத்த தீபாவளியையும் பார்த்தது. படத்தில் பாடிய பாகவதர் ஜெயிலில் இருந்தார்.

கத்தியைப் பிடித்தது பாகவதரோ கிருஷ்ணனோ என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள்மேல் இருந்தது சதிக் குற்றச்சாட்டு. சதி பூட்டிய அறைக்குள் நடப்பது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வாயைத் திறந்தால்தான் வெளியே வரும். இந்த வழக்கில் வாயைத் திறந்தவர் ஜெயானந்தன். மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக, அப்ரூவராக மாறியவர்.

அப்ரூவர் விஷயத்தில் நம் பழைய சாட்சியச் சட்டம் இரண்டு குரலில் பேசியது. கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் அல்ல என்றது 133ஆம் பிரிவு. முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரத்தால் வலுப்பெறாவிட்டால் கூட்டாளி நம்பத் தகாதவன் என்று கோர்ட் கருதலாம் என்றது 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. படித்த நீதிபதிக்கே இரண்டையும் ஒரே மனதில் நிறுத்துவது சிரமம். கடை வைத்திருப்பவர், கம்பெனியில் கணக்கு எழுதுபவர் என்று அழைத்து வந்து உட்காரவைத்த ஒன்பது பேருக்கு எப்படி விளங்கும்? நீதிபதிதான் விளக்க வேண்டும். கொலை நடந்த இடம், நேரம், ஆயுதம் பற்றி வேறு சாட்சி கிடைத்தால் மட்டும் போதாது. கொலை நடந்ததை யாரும் மறுக்கவில்லையே! இந்த எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, அந்தக் கொலையோடு கட்டும் தனி ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாக வேண்டும். ஒரு கூட்டாளிக்கு இன்னொரு கூட்டாளி துணை ஆக முடியாது. 1949இல் பூபோனி சாகு வழக்கில் லண்டனின் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. சார்ஜில் இந்த எச்சரிக்கை ஒரு வாக்கியம் குறைந்தாலும் அப்ரூவரின் கதை முழுசாக ஜூரியின் மனதில் இறங்கிவிடும். கதை சொல்லத் தெரிந்தவர் சொன்னால் யாருக்கும் அப்படித்தான்.

நீதிபதி மாக்கெட் முன் நடந்த விசாரணை 1945 மே மாதம் முடிந்தது. ஸ்ரீராமுலு நாயுடுவை விடுதலை செய்தார்கள். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரி பெரும்பான்மையாகச் சொல்ல, ஆயுள் தண்டனை வந்தது. 'பெரும்பான்மை' என்ற சொல்லைச் சாதாரணமாகத் தாண்டிவிடக் கூடாது. உயர்நீதிமன்ற செஷன்ஸில் ஒன்பதில் ஆறு பேர் ஒரு பக்கம் நின்று, நீதிபதியும் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு செல்லும். மூன்று பேர் மனதில் சந்தேகம் இருக்கும்போதே ஒருவனை ஆயுள் முழுக்கச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்று ஜூரிக்குப் பாடம் எடுக்கும் சட்டம், மூன்று பேருடைய சந்தேகத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

இரண்டே வயதான 411ஏ பிரிவின் கீழ் அப்பீல் போனது. தலைமை நீதிபதி லயனல் லீச்சும் நீதிபதி லட்சுமண ராவும் 1945 அக்டோபரில் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த படி லண்டன். பிரிவி கவுன்சிலில் டி.என். பிரிட் வாதாடினார். பிரிவி கவுன்சில் தன்னைக் குற்றவியல் அப்பீல் கோர்ட்டாக ஒருநாளும் கருதியதில்லை. 1887இல் டில்லெட் வழக்கிலிருந்து அது சொல்லிவந்தது ஒன்றுதான்: இயற்கை நீதியே மீறப்பட்டு, கடுமையான அநீதி நடந்தால்தான் கை வைப்போம். அந்த வாசலில் உடைந்து திரும்பிய மனுக்கள் ஏராளம். பாகவதர் மனு திரும்பவில்லை. அப்பீலை மறுபடி கேட்டு முடிவு செய்யும்படி பிரிவி கவுன்சில் சென்னைக்கு அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் இருவரும் கேட்டார்கள். வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை.

இரண்டு பெஞ்சுகளுக்கும் முன்னால் இருந்தது ஒரே கட்டு. ஒரே அப்ரூவர், ஒரே சாட்சிகள், ஒரே ஜூரித் தீர்ப்பு. ஒரு பெஞ்சு சரி என்றது, மற்றது இல்லை என்றது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது 'லண்டன் கோர்ட் விடுதலை செய்தது' என்பார்கள். லண்டன் விடுதலை செய்யவில்லை. சரியாகக் கேளுங்கள் என்றுதான் சொன்னது. சாட்சியத்தின் மேல் அப்பீல் என்று சட்டம் ஒரு உரிமையைக் கொடுத்துவிட்டால், ஜூரி சொல்லிவிட்டதே என்று பெஞ்சு பின்வாங்க முடியாது. சாட்சியத்தைத் தானே நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. கிருஷ்ணன் வெளியே வந்து மறுபடியும் சிரிக்கவைத்தார். பாகவதருக்குப் பழைய நாட்கள் திரும்பவில்லை. 1959இல் போய்ச் சேர்ந்தார். லண்டன் வரை வக்கீல் வைக்க அவர்களுக்காவது வசதி இருந்தது. வசதியில்லாமல் அந்தமானிலோ மத்திய சிறையிலோ காலத்தைக் கழித்தவர்களின் சார்ஜை யாரும் எடுத்துப் படித்ததில்லை.

வழிகாட்டலில் வரும் பிழைகளில் ஆளைக் கொல்லும் பிழை எது என்று என்னைக் கேட்டால், சுமையை இடம் மாற்றுவது என்பேன். இங்கிலாந்தில் 1935இல் உல்மிங்டன் வழக்கு. இருபத்தொரு வயதுப் பண்ணைத் தொழிலாளி. மனைவி துப்பாக்கிக் குண்டில் இறந்தாள். துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றான். கொன்றது தெரிந்துவிட்டால் அது கொலை அல்ல என்று காட்டுவது அவன் பொறுப்பு என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். ஜூரி கொலை என்றது, தூக்கு விதித்தார்கள். முதல் அப்பீலும் தோற்றது. கடைசியில் பிரபுக்கள் சபை தண்டனையை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை, கடைசி வரை அதன் கடமை என்று லார்ட் சாங்கி எழுதியது இன்று உலகம் முழுக்க ஓதப்படுகிறது.

அடுத்த ஆண்டே நமக்குப் பக்கத்தில், இலங்கையில், இதே கேள்வி வந்தது. 1936இல் அத்திகல வழக்கு. கருக்கலைப்புக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஜூரியிடம் நீதிபதி சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவைச் சொன்னார்: ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை நிரூபிக்கும் சுமை அவர் மேல்தான். அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தாள், அங்கே இருந்தவர்கள் இந்த இருவர்தான், குற்றம் நடக்கவில்லை என்று அவர்களே காட்டட்டும் என்ற பொருளில் போனது பேச்சு. இது இலங்கையின் சட்டம் அல்ல என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஸ்டீபன் செனவிரத்ன வழக்கு. மனைவி லிலியன் 1933இல் கொழும்பு வீட்டில் குளோரோஃபார்மால் இறந்தார். கொலையா தற்கொலையா என்பதே கேள்வி. ஜூரி கொலை என்றது. பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வீட்டுக்குள் நடந்தது, கணவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற வழிக்கு ஜூரியைத் தள்ளக் கூடாது என்றார் லார்ட் ரோச். கதையை விரித்துக் காட்டத் தேவையான சாட்சிகளை அரசுத் தரப்பே அழைத்து வர வேண்டும் என்றும் எழுதினார்.

இலங்கை ஜூரிகளுக்குச் சொன்ன அந்தப் பிழைகள் இன்று நம் கோர்ட்டில் தினமும் பேசப்படுகின்றன. 1956இல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இந்த இரண்டு இலங்கைத் தீர்ப்புகளையும் எடுத்துவைத்துத்தான் 106ஆம் பிரிவுக்கு எல்லை கட்டினார். அது ஒரு பயணப்படி வழக்கு. ரயிலில் போனதாகப் பொய்க் கணக்குக் கொடுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. அதில் எழுதிய விதியைத்தான் இரவு வீட்டுக்குள் மனைவி இறந்து கிடந்த வழக்குகளில் எல்லாம் இன்று வாசிக்கிறோம். 2006இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்குள் நடந்ததற்குக் கணவன் விளக்கம் தராவிட்டால் அது அவனுக்கு எதிரான கண்ணி ஆகும் என்றது. அது நியாயம். ஆனால் சங்கிலியின் மற்றக் கண்ணிகளை அரசுத் தரப்பு கோர்த்த பிறகுதான் அந்தக் கண்ணிக்கு வேலை. வரிசை மாறினால் உல்மிங்டனின் நீதிபதி செய்ததையே நாமும் செய்கிறோம்.

இலங்கையில் எதிர்ப்பக்க அனுபவமும் உண்டு. மகாதேவ சதாசிவம், 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215 ரன் அடித்த தமிழர், 1951இல் மனைவியைக் கொன்றதாகக் கைதானார். வீட்டு வேலையாள் ஒருவர் மன்னிப்புப் பெற்று அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். மறுபடியும் அப்ரூவர்! 1953இல் நீதிபதி கிரேஷன் முன் 57 நாள் விசாரணை. கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். ஜூரி ஒருமனதாக விடுதலை செய்தது. அப்பீலுக்கு வேலையே வரவில்லை. சார்ஜ் நன்றாக அமைந்தால் அப்படித்தான், சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

ஆனால் ஜூரி என்றாலே மக்களின் நீதி என்று எழுத என் கை வரவில்லை. 1996இல் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 20 ஆண்டு கழித்து, 2016 ஜூலையில் அனுராதபுரத்து ஜூரி எதிரிகளை விடுதலை செய்தது. 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கில், சிங்களம் பேசும் ஜூரி 2016 டிசம்பரில் நள்ளிரவு தாண்டி எல்லோரையும் விடுதலை செய்தது. எந்தக் காரணமும் எழுதப்படவில்லை. காரணம் எழுதாத தீர்ப்பின் முன் செத்தவரின் குடும்பம் எதைப் பிடித்துக்கொள்ளும்? அங்கேயும் சார்ஜ் ஒன்றுதான் மிச்சம்.

தவறான வழிகாட்டல் என்ற கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. 1959 ஏப்ரல் 27 பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுதலை சொன்னது. செஷன்ஸ் நீதிபதி மேத்தா அதை ஏற்காமல் பழைய நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வேடிக்கை என்னவென்றால், ஜூரியைத் தவறு என்று சொன்ன அதே நீதிபதியின் சார்ஜிலேயே உயர்நீதிமன்றம் பிழை கண்டது. துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றால் அதைக் காட்டும் சுமை நானாவதிமேல் என்று அவர் ஜூரியிடம் சொல்லவில்லை. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு அதை ஆமோதித்தது. மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, நாலு இருபதுக்குச் சுட்டார். இடையில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். திடீர்க் கோபம் தணிய அது போதும் என்றது கோர்ட். உயர்நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனை நின்றது.

உல்மிங்டனில் சுமையை எதிரிமேல் வைத்தது பிழை. நானாவதியில் வைக்காமல் விட்டது பிழை. படிப்பவர் குழம்பலாம். நம் பழைய சாட்சியச் சட்டம் 105ஆம் பிரிவில் விபத்து, தற்காப்பு போன்ற விலக்குகளை எதிரியே காட்டும்படி தனியாகச் சொன்னது. இங்கிலாந்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 1970இல் இலங்கையின் ஜெயசேன வழக்கிலும் பிரிவி கவுன்சில் இந்த வேறுபாட்டை ஒத்துக்கொண்டது. ஆனால் எதிரி காட்டவேண்டியது 'அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்குத்தான். அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியதில்லை. இந்த நூலளவு வேறுபாட்டைத்தான் ஒரு நீதிபதி ஒன்பது பேருக்கு ஒரு மத்தியானத்தில் விளக்க வேண்டியிருந்தது.

நானாவதி வழக்கோடு இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்வது சரியல்ல. அதற்கு முன்பே, 1958இல், சீதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் ஜூரியை எடுத்துவிடச் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி உட்கார்ந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் புத்தகத்திலிருந்து போனது.

பிழை இருக்கிறது என்று கண்ட பிறகு என்ன செய்வது? இங்கேதான் அப்பீல் கோர்ட்டுகள்மேல் எனக்கு மனக்குறை உண்டு. பிழை இருந்தால் மட்டும் போதாது, அதனால் நீதி தவறியிருக்க வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. 1946இல் அப்துல் ரகீம் வழக்கில், பிழையான பகுதியை ஒதுக்கிவிட்டு மீதிச் சாட்சியத்தை அப்பீல் கோர்ட்டே பார்த்து முடிவு செய்யலாம் என்றது பிரிவி கவுன்சில். காகிதத்தில் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் சாட்சியின் முகத்தைப் பார்த்த ஒன்பது பேர் சரியான சட்டம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை, எவருடைய முகத்தையும் பார்க்காத இரண்டு பேர் ஊகிக்கிறார்கள். ஆளின் உயிரோ ஆயுளோ அந்த ஊகத்தில் தொங்குகிறது. உல்மிங்டன் வழக்கில் பிரபுக்கள் சபை அப்படி ஊகிக்க மறுத்ததால்தான் அவன் பிழைத்தான்.

இன்று செங்கல்பட்டில் ஜூரியும் இல்லை, அசெசரும் இல்லை. ஆனால் சார்ஜ் ஒழிந்துவிடவில்லை. நீதிபதி இப்போது தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்கிறார். தீர்ப்பில் முதல் பத்திகளில் வழக்கின் கதை, பிறகு சாட்சிகள், பிறகு சட்டம். சூழ்நிலைச் சாட்சிய வழக்கு என்றால் 1984ஆம் ஆண்டு சரத் பிர்திசந்த் சர்தா வழக்கின் ஐந்து விதிகளும் அச்சடித்ததுபோல் வந்துவிடும். பல தீர்ப்புகளில் அந்த ஐந்தும் ஒரு பக்கத்தில் இருக்கின்றன, முடிவு வேறொரு பக்கத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. ஜூரியிடம் சரியாகச் சொல்லிவிட்டு, ஜூரி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. ஒரே வித்தியாசம், இப்போது ஜூரி அறையின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே என்ன நடந்தது என்பது தாளில் தெரிகிறது.

2024 ஜூலை முதல் சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்கள் மாறிவிட்டன. 105 இப்போது 108, 106 இப்போது 109, கூட்டாளி பற்றிய 133 இப்போது 138. எண் மாறினாலும் சுமை பற்றிய சண்டை பழையதுதான்.

சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் பக்கம் வரும் மின்சார ரயிலில், தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வக்கீல்களை அடிக்கடி பார்க்கலாம். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் கதைப் பத்திகளைத் தள்ளிவிடுவேன். தேடுவது ஒரே வாக்கியத்தை: 'எதிரி விளக்கம் தரவில்லை.' அது எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று பார்ப்பேன். கடைசியில் சாட்சிகளை நிறுத்துப் பார்த்த பிறகு வந்தால், வேறு காரணம் தேட வேண்டும். பன்னிரண்டாவது பத்தியிலேயே, அரசுத் தரப்பின் முதல் சாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வந்துவிட்டால், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். பொத்தேரி தாண்டி கூடுவாஞ்சேரியில் இறங்குவதற்குள் அப்பீல் மனுவின் முதல் காரணம் அந்த ஓரத்திலேயே எழுதி முடிந்திருக்கும்.